நாலு சுவருக்குள் நிற்காத சிஸ்டர்

எங்கள் ஜன்னல்களை அவள் வெளியிலிருந்து திறந்துவிடுவாள். கொக்கி சரியாக விழாத பழைய ஜன்னல்கள். நான் உள்ளே நின்று இழுத்துச் சாத்துவேன். துணி காயப்போடப் பின்பக்கம் வருகிறவள், போகிறபோக்கில் இடுக்கில் விரலை விட்டு அகலமாகத் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். கேட்டால் பதில் வராது. கேட்கவும் முடியாது. வீடு அவளுடையது, நாங்கள் வாடகைக்கு இருந்தவர்கள்.

இறந்துபோனவர்களை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நேரில் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. தெருவில் எல்லோரும் கூப்பிட்டதுபோல நானும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டேன். மனசுக்குள் அவள் எப்போதும் 'அவள்'தான்.

கடப்பேரியில் அவள் வீடு. தாம்பரம் பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வெள்ளைப் புடவைக்குக் கீழே ஆம்பிளைகள் போடுகிற கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, பஸ் பிடிக்காமல் நடந்தே டியூட்டிக்குப் போவாள். வெயிலில் முகம் கறுத்து, கண்ணோரம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நல்ல அறைகளை எல்லாம் எங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டுவிட்டு, தனக்கு ஒரு பெட்டியும் ஸ்டவ்வும் வைக்கிற அளவுக்கு ஓர் அறை மட்டும் வைத்துக்கொண்டாள். அதிலும் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தூங்குவாள். மார்கழியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அங்கேதான். மழை பெய்தால் மட்டும் கட்டிலோடு இறங்கி வராந்தாவுக்கு வருவாள், ஏதோ ஜெயிலுக்கு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

லீவு நாளில் ஒரு துணிப்பையில் ரொட்டியும் அவித்த முட்டையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பக்கத்தில் இருக்கிற பச்சைமலை அவளுக்கு வாசல் திண்ணை மாதிரி. அதைவிட்டால் ஏரிக்கரை, வண்டலூர்க் காடு, நன்மங்கலம். சாயங்காலம் காலில் முள் தைத்து, புடவை கிழிந்து, கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி பூரிப்பாக வருவாள். கிறிஸ்தவள்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்கும் போவாள். ஆனால் உள்ளே போகமாட்டாள். ஆராதனை முடிகிறவரை வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பாள், அங்கிருந்தே பாடுவாள். போதகர் இரண்டு மூன்று முறை வந்து கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டாராம்.

இதெல்லாம் ஒரு மனுஷியின் சுபாவம், யாருக்கும் கெடுதல் இல்லை என்று சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவள் மட்டும் வெளியே இருந்திருந்தால் எனக்கு என்ன வந்தது? அடுத்தவர் உள்ளே இருப்பதை அவளால் பொறுக்க முடியாது. அதுதான் சங்கடம்.

"வெளிய வாங்க" என்பதுதான் அவள் வாயில் எந்நேரமும். தலைவலி என்றால் வெளிய வாங்க. எனக்கும் என் கணவருக்கும் சண்டை என்று காதில் விழுந்தால் கதவைத் தட்டி, "உமாம்மா, வெளிய வாங்க, காத்து வருது" என்பாள். என் பெண்ணின் பேரை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவாள். என் அம்மா இறந்து, காரியமெல்லாம் முடிந்து ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் கிடந்து அழுதேன். அழவேண்டும்போல இருந்தது, யாரும் பார்க்காமல் அழவேண்டும்போல இருந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எங்கள் வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அன்று ஒருநாள்தான். என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, தரதரவென்று பின்கட்டுக்கு இழுத்துப்போய்த் தென்னைமரத்தடியில் நிறுத்தினாள். தலைவிரிகோலமாக நான் நின்றதைப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தார்கள். "இப்ப அழுங்க" என்றாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. பிறகு நெடுநாள் வரவில்லை.

அவளுடைய நல்ல மனசுக்கு அடையாளமாக இந்தச் சம்பவத்தை என் கணவர் எல்லோரிடமும் சொல்லுவார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கூப்பிடுவது வேறு, இழுப்பது வேறு.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். டாக்டர் கண் மறைந்தால் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வெயிலுக்குக் கொண்டுவந்துவிடுவாளாம். சிலபேர் அவளைக் கும்பிட்டார்கள், சிலபேர் திட்டினார்கள். ஒரு முதியவரைப் பற்றி அவளே எனக்குச் சொன்னாள். கொடியில் துணியை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னாள். அவருக்கு நாள் நெருங்கிவிட்டதாம். குளிருகிறது, என்னை இப்படியே விட்டுவிடு என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாராம். அவள் விடவில்லை. ஆயாவைக் கூட்டிவந்து ஆளுக்கு ஒருபக்கம் பிடித்துத் தள்ளி வேப்பமரத்தடியில் விட்டிருக்கிறாள். அன்று மத்தியானமே போய்விட்டார்.

"வானத்தப் பாத்துகிட்டே போனார், உமாம்மா" என்றாள். அவ்வளவு திருப்தி அந்தக் குரலில்.

அவர் வானத்தைக் கேட்டாரா? போர்வையைத்தானே கேட்டார். அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் எனக்கு ஒரு பயம்.

உமா என் ஒரே பெண். கைக்குழந்தையிலிருந்தே அவளுக்கு வீசிங். நெஞ்சு பூனைக்குட்டி மாதிரி கத்தும், கழுத்துக்குக் கீழே பள்ளம் விழும், உதடு நீலமாகும். அந்த நீலத்தை ஒருதரம் பார்த்த அம்மாவுக்குத்தான் அது தெரியும். தூசி ஆகாது, பனி ஆகாது, மழையில் நனையவே கூடாது என்று குரோம்பேட்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் ஜன்னல் இடுக்கில் துணி செருகி வைத்தேன். அவளுக்கு வருஷம் முழுக்க ஸ்வெட்டர். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய ஊறுகா போட்டு வெச்சிருக்கீங்க" என்றாள்.

எனக்குப் பாரிமுனை பக்கம் ஆபீஸ். எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்வந்தால் விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். என் கணவருக்குக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. உமா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சிஸ்டரே வந்து, நான் பாத்துக்கறேன் என்றாள். வேறு வழி இல்லாமல் சரி என்றேன். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர் என்று ஒருதரத்துக்குப் பத்துதரம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

கொஞ்ச நாளில் உமாவின் யூனிஃபார்ம் ஓரத்தில் ஒட்டுப்புல் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். துவைக்கும்போது காலுறையிலிருந்து ஏரிச்சேறு வந்தது. கேட்டதற்குப் பிள்ளை முழித்தாள். சிஸ்டரைக் கேட்டேன். ஆமா, கரை வரைக்கும் போனோம், கொக்கு பார்த்தோம் என்றாள், கடைக்குப் போய்வந்த மாதிரி. நான் கத்தினேன். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாளும் போனார்கள்.

என் கணவர், "நர்ஸுக்குத் தெரியாதா? விடு. அவ மூஞ்சியப் பாரு, எவ்ளோ தெளிச்சியா இருக்கா" என்றார். உமா தெளிவாகத்தான் இருந்தாள். ராத்திரி இருமலும் குறைந்திருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு சைதாப்பேட்டை, கிண்டி என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தாண்டிவரும்போது, என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சிஸ்டருக்குத் தெரியும். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை உமாவைப் பச்சைமலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். கூடாது என்றேன். மழைக்காலம், ஏரிக்கரையே அதிகம், மலை பக்கம் பேச்சே வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்பினேன். நான் போனதும் என் கணவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் தூக்கக் கலக்கத்தில், கூட்டிட்டுப் போங்க சிஸ்டர் என்றிருக்கிறார்.

அரைநாள் வேலை முடிந்து நான் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும்போது நல்ல மழை. ஸ்டேஷன் வாசலில் எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"இப்பதான் வர்றியாம்மா? பாப்பாவுக்கு மூச்சு இழுத்துகிச்சு. நர்சம்மா மலை மேலேர்ந்து தோள்ல போட்டுகினு ஓடியாந்துச்சு. ஒரு கால்ல ஷூ இல்ல, காலெல்லாம் ரத்தம். நான்தான் ஆஸ்பத்திரில வுட்டேன். இப்ப நல்லாகீது, நீ பயப்படாத, ஏறு" என்றார்.

ஆட்டோவில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை. உமாவுக்கு ஊசி போட்டு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தாள். உதட்டில் நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் மட்டும் கூட இல்லையென்றால் கஷ்டம்தான் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு ஓடிவர யாரால் முடியும் என்றார்கள் பக்கத்துக் கட்டில்காரர்கள். என் கணவர் அவளைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றார். தெருவே அன்றிலிருந்து அதைத்தான் சொன்னது: உமாவின் உயிரைக் காப்பாற்றியது சிஸ்டர். மலைக்குக் கூட்டிப்போனது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். அவள் வார்டுக்கு வெளியே, தாழ்வாரத்தின் விளிம்பில் சாரல் படுகிற இடத்தில் நின்றிருந்தாள். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. ஷூ இல்லாத காலிலிருந்து ரத்தம் மழைத்தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

"வேணாம்னு சொல்லிட்டுத்தானே போனேன் சிஸ்டர்?"

"சொன்னீங்க."

"அப்புறம் எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஏறும்போது நல்லாத்தான் ஏறினா. பாதி வழியில என்னையே முந்திகிட்டு ஓடினா. மழை பிடிச்சதும் கவுன் நனைஞ்சுது. அதப் பாத்துட்டு, அம்மா திட்டுவாங்கன்னு அழ ஆரம்பிச்சா. நான் சொல்லச் சொல்லக் கேக்கல. அழுது அழுதுதான் இழுத்துது. மழையால இல்ல, உமாம்மா. உங்க பயம்."

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் மறந்துபோனது. இது மறக்கவில்லை. என் பிள்ளையைச் சாவு வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டுவந்தவள், ரத்தம் சொட்டுகிற காலோடு நின்றுகொண்டு, குற்றத்தை என் தலையில் வைத்தாள். அதுவும் கோபமில்லாமல், மருந்துச்சீட்டு வாசிக்கிற மாதிரி.

வேறு வீடு பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றேன். என் கணவர் முடிந்தவரை இழுத்தடித்தார், நான் அவரோடு பேச்சை நிறுத்தியதும் பல்லாவரத்தில் ஒரு வீடு பார்த்தார். நாங்கள் சாமான் ஏற்றிய அன்று அவள் வீட்டில் இல்லை. மலைக்குப் போயிருந்தாள். உமா வண்டியில் ஏறாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பெரியவளாக ஆக உமாவின் வீசிங் குறைந்து, பிறகு நின்றேபோனது. வளர்ந்தால் சிலருக்குப் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். என் கணவர், ஏரிக்காற்று என்றார். நான் டாக்டரை நம்பினேன். உமா காலேஜ் முடித்து ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள், ஏசி அறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி வீட்டுக்குப் போய்விடுவாள். படிக்கிற காலத்திலிருந்தே அப்படித்தான், நானும் ஒன்றும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். ரிட்டையர் ஆகியிருந்தாள். முடி முழுக்க வெளுத்து, முகம் இன்னும் கறுத்து, முன்னைவிட ஒல்லியாக இருந்தாள். பழைய சாமான்களைக் குவித்து வைத்திருக்கிற இடத்தில் குனிந்து, ஒரு பழைய மிலிட்டரி ஷூவை எடுத்து அதன் அடியை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விலகிப் போயிருக்கலாம். அதற்குள் நிமிர்ந்துவிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. இடையில் அத்தனை வருஷம் போகாத மாதிரி, ஷூவை என் பக்கம் நீட்டினாள்.

"உமாவுக்கு இது சரியா இருக்குமா, பாருங்க. அவ ஷூ அடி தேஞ்சுபோச்சு. போன வாரம் வண்டலூர்ல வழுக்கிட்டா."

என் மகளின் ஷூ அளவு எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஷூவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து உமாவைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை நாளாக என்றேன். எட்டாவது படிக்கும்போதிலிருந்து என்றாள். எதற்காகப் பொய் சொன்னாய் என்றேன். "சொன்னா விட்டிருப்பியா?" என்றாள். நான் அழுதேன், கத்தினேன். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"அங்க போனா யாரும் என் மூச்சக் கவனிக்க மாட்டாங்கம்மா" என்றாள்.

ராத்திரி ராத்திரியாக அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் இதைச் சொன்னாள்.

அடுத்த வருஷமே சிஸ்டருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நர்ஸ்தானே. யாரிடமும் சொல்லாமல் முடிந்தவரை மலையேறிக்கொண்டிருந்திருக்கிறாள். நடக்க முடியாமல் போனபிறகு உமா லீவு போட்டுவிட்டுக் கடப்பேரிக்கே போய்விட்டாள். துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் என் பெண். உமாவுக்கு நான் சோறு கட்டிக்கொண்டு ஒருதரம் போனேன்.

சிஸ்டர் வராந்தாக் கட்டிலில் கிடந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. உமா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"இன்னும் கோவமா உமாம்மா?"

"ஆமா."

"உங்கள மறுபடி கேட்டிருக்கணுங்கறீங்க. கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை அப்போதாவது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிட்டாள்.

தாம்பரத்தில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்திருந்தார்கள், அவள் ஏதோ ஒரு வெயிலில் கிடத்திப் பிழைக்கவைத்தவர்களாக இருக்கும். ஜெபம் முடியும்வரை உமா திடமாக நின்றாள். பெட்டியை இறக்கியதும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. என் பெண் அப்படி அழுது நான் கேட்டதில்லை. எனக்கு ஒன்று ஆனால் இவள் இப்படி அழுவாளா என்று, அந்த இடத்தில் நினைக்கக்கூடாததை நினைத்தேன்.

அழுகை நடுவில் விசில் மாதிரி அந்தப் பழைய சத்தம் கேட்டது. கழுத்துக்குக் கீழே பள்ளம் விழுந்தது. ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். காருக்குள் கொண்டுபோய் உட்காரவையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் இழுத்தேன். உமா தலையை ஆட்டினாள். "வேணாம்மா, இங்கயே" என்றாள். அவ்வளவு சொல்லத்தான் அவளுக்கு மூச்சு இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். முதுகைத் தடவினேன். வெட்டிப் போட்ட செம்மண் எங்கள் இரண்டு பேர் புடவையிலும் ஒட்டியது. நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விசில் சத்தம் இறங்கி, மூச்சு சீரானது.

அழுதால் அவளுக்கு இழுக்கும். கண்ணால் பார்த்துவிட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு மலையில் அவளை அழவைத்தது நான் என்று சிஸ்டர் சொன்னாளே, அதை இன்றைக்கும் நான் ஏற்கவில்லை.

உமா எழுந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயும் போடும்மா" என்றாள். போட்டேன். நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.